பாதி மலையில் உட்கார்ந்தவள் எழுதுவது

கண்ணு,

தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, பிறகு எதற்கு இவள் பக்கம் பக்கமாக எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் எனக்கு நடிக்க வருகிறது, அதுதான் காரணம். உன் முகம் தெரிந்ததும் முதுகை நிமிர்த்திக்கொள்கிறேன், டியூப்லைட் முகத்தில் விழுகிற மாதிரி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்கிறேன், பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறேன். எழுத உட்கார்ந்தால் அந்தச் சாமர்த்தியம் வரமாட்டேன் என்கிறது. ஒரு பொய்யை எழுதி, திரும்பப் படித்துப் பார்த்து, அதற்குத் தோதாக இன்னொரு பொய்யை எழுத எனக்குப் பொறுமை கிடையாது. பிளஸ் டூவோடு நின்றவள், கம்பெனி பஸ்ஸில் வாரப் பத்திரிகை படித்தே தமிழைக் காப்பாற்றி வைத்திருக்கிறவள், அதனால் பிழை இருந்தால் சிரிக்காதே. கம்பெனி லைனில் எனக்குப் பக்கத்தில் நின்ற கஸ்தூரி முதல் பக்கத்தைப் படித்துவிட்டு, "இத உம்புள்ளைக்கு மட்டும் அனுப்பாதக்கா, ஊர்ல கீற எல்லாப் புள்ளைங்களும் படிக்கட்டும்" என்றாள். யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளட்டும். எழுதுவது உனக்குத்தான்.

நீ போலந்துக்குப் போய்க் குளிரில் நடுங்கத் தொடங்கி இரண்டு மாதம் ஆகப்போகிறது. ஆனால் நீ போகாமல் இருந்துவிடுவாயோ என்றுதான் நான் பயந்துகொண்டிருந்தேன். ஒரகடத்தில் உன் கம்பெனியில் மெயின்டனன்ஸ் பையன்கள் அத்தனை பேர் இருக்க, உன்னை மட்டும் அங்கேயுள்ள தொழிற்சாலைக்கு மூன்று வருடம் போகிறாயா என்று கேட்டார்கள். ஆயுத பூசை லீவு முடிந்து பதில் சொல்ல வேண்டும். வேறு வீட்டுப் பிள்ளையாக இருந்தால் நம் ஊர் வடக்குப்பட்டு முழுக்க லட்டு கொடுத்திருப்பான். நீ சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "கேட்டுகினு கீறாங்க, பாக்கலாம்" என்று சொல்லி டிவியைப் போட்டாய். அன்றைக்கு இரண்டாம் தடவை சோறு வாங்கிக்கொள்ளவில்லை. பெற்றவளுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? உனக்குப் போக ஆசை. என்னைத் தனியாக விட்டுப் போகப் பயம். அந்தப் பயத்தில் நியாயம் உண்டு என்பதும் எனக்குத் தெரியும்.

உன் அப்பா சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனிலிருந்து ஒரகடத்துக்கு ஷேர் ஆட்டோ ஓட்டினார். தங்கமான மனுஷன், ஆனால் தலைவலி என்றுகூட வாய்விட்டுச் சொல்லத் தெரியாது. காய்ச்சலில் உடம்பு கொதிக்கும், கேட்டால் "வெயில்ல நின்னேன்" என்பார். அந்தக் கடைசி நாளில் நீ பாலிடெக்னிக் முடிந்து ரயிலிறங்கி வந்தபோது ஸ்டேஷன் வாசலில் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். "ஒன்னும் இல்லடா, கேஸுதான். ஒரு சோடா வாங்கியா" என்று உன்னைத்தான் அனுப்பினார். குடித்து, ஏப்பம் விட்டு, "பாத்தியா, சரியாப்பூச்சு" என்று சிரித்துவிட்டு, வண்டி நிறைய ஷிப்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். அத்தனை பேரையும் பத்திரமாக இறக்கிவிட்டு, ஒரகடம் கூட்டு ரோட்டில் வண்டியை ஓரம்கட்டிச் சாய்ந்தவர்தான், எழுந்திருக்கவில்லை. நீ அழுததைவிட அந்த சோடாவைப் பற்றிச் சொல்லிப் புலம்பியதுதான் அதிகம். உன் மேல் எந்தத் தப்பும் இல்லை, அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். அப்பன் ஒன்றும் இல்லை என்றால் பிள்ளை நம்பத்தான் செய்வான். ஆனால் அதற்கப்புறம் நம் வீட்டில் யார் 'ஒன்னும் இல்ல' என்று சொன்னாலும் நீ அவர்கள் முகத்தையே உற்றுப் பார்க்க ஆரம்பித்தாய். யார் என்ன யார், மிச்சம் இருந்தவள் நான் ஒருத்திதானே.

நானும் லேசுப்பட்டவள் இல்லை. நான் வேலை செய்கிற கார் சீட் கம்பெனியில், பெல்ட்டில் நகர்ந்து வருகிற சீட்டுக்கு உறையை இழுத்து மாட்டி, அடியில் கிளிப் போடுவது என் வேலை என்று உனக்குத் தெரியும். ஒவ்வொருத்தர் இடத்திலும் தலைக்கு மேல் ஒரு விளக்கு இருக்கும், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பட்டன் இருக்கும். வேலையில் ஏதாவது கோளாறு என்றாலோ, உடம்புக்கு முடியவில்லை என்றாலோ பட்டனை அழுத்த வேண்டும், சிவப்பு விளக்கு எரியும், லீடர் ஓடிவருவார். அழுத்தினால் யாரும் திட்டமாட்டோம் என்று சுவரிலேயே எழுதிப் போட்டிருக்கிறார்கள். உண்மையிலேயே திட்டமாட்டார்கள். ஆனால் எங்களுக்கு அது ஒரு மானப் பிரச்சினை. எவளுக்காவது கை ஓய்ந்ததென்றால் பக்கத்தில் நிற்கிறவள் தன் கிளிப்பையும் போட்டு, அவள் கிளிப்பையும் போட்டுச் சமாளிப்பாளே தவிர, லைட்டைப் போடவிடமாட்டாள். சேர்ந்த நாளிலிருந்து என் இடத்தில் லைட் எரிந்ததே இல்லை என்று புதிதாக வருகிற பெண்களிடம் பீற்றிக்கொள்கிறவள் நான். அந்தப் பீற்றல் எல்லாம் நின்றுகொண்டே இருந்த முட்டியின் செலவில் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். வலது முட்டி ஒரு வருடமாகவே விண்விண் என்று தெறித்தது. வீட்டில் தைலம் தேய்த்தால் உனக்கு வாசனை தெரியும் என்று கம்பெனி பாத்ரூமில் தேய்த்துக்கொண்டு, பஸ் ஏறுவதற்குள் காற்றாட நின்று வாசனையைப் போக்கிவிட்டு வருவேன்.

லீவுக்கு மூணாறு போகலாம் என்று நீதான் ஆரம்பித்தாய். அங்கே தேசியப் பூங்காவுக்குள் காட்டு வழியாக ஏறினால் மலையுச்சியில் ஒரு இடம் இருக்கிறது, இரண்டு பக்கமும் பள்ளத்தாக்கு தெரியும், உன் சிநேகிதர்கள் போய்ப் படம் எடுத்துப் போட்டிருக்கிறார்கள் என்றாய். "நீயும் வரியா மா? ஏறணும். முடியலன்னா வேணாம், கீழ ரூம்லயே இரு" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாய். எனக்குச் சுருக்கென்றது. இது பரீட்சை என்று புரிந்துகொண்டேன். நீ அப்படி நினைத்துக் கேட்கவில்லை என்று பிறகு சத்தியம் செய்தாய், இருக்கட்டும். மலையை ஏறிக் காட்டிவிட்டால் பிள்ளை நிம்மதியாக விமானம் ஏறுவான், ஏறாவிட்டால் வடக்குப்பட்டிலேயே என் முட்டியைக் காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான், இதுதான் என் கணக்கு. "மலையாவது மண்ணாவது, கம்பெனில நாள் முழுக்க நிக்கிறவ நான்" என்று சவடால் விட்டேன். மறுநாளிலிருந்து ஸ்டேஷன் மேம்பாலப் படிகளில் ஏறி இறங்கிப் பயிற்சி செய்தேன். அங்கே பூ விற்கிற அம்மா, "இன்னாம்மா, இந்தப் பக்கம் போற, அந்தப் பக்கம் வர்ற, எதுனா தொலச்சிட்டியா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

காலுக்கு என்ன போடுவது என்று யோசித்து, கம்பெனியில் கொடுத்த சேஃப்டி ஷூவைப் போட்டுக்கொண்டு வந்தேனே, அதை நினைத்து நீ இன்னும் சிரிக்கிறாய். விரல் மேல் இரும்பு விழுந்தாலும் தாங்கும் என்று கொடுத்த ஷூ, மலையை மட்டும் தாங்காதா என்று நினைத்தேன். ஆளுக்கு ஆள் பஞ்சு மாதிரி ஷூ போட்டு வந்த இடத்தில், இரும்பு மூக்கு வைத்த கறுப்பு ஷூவோடு நான் மட்டும் நின்றேன். செங்கல்பட்டில் ரயில் ஏறி, திண்டுக்கல்லில் இறங்கி, பஸ்ஸில் போடி போய் டாக்ஸி பிடித்தோம். டாக்ஸியில் உட்கார்ந்ததும் சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினேன். நீ, "இன்னா மா தேடற?" என்றாய். "கிளிப்பு சரியா போட்டுக்கீறாங்களான்னு பாத்தேன். நம்ம சீட்டு இல்ல" என்றேன். இத்தனை வருடமாகச் சீட்டு செய்தும் அதில் சாய்ந்து உட்கார்ந்து மலை பார்த்தது அன்றைக்குத்தான். கொண்டை ஊசி வளைவுகளில் மேகம் கண்ணாடியை உரசிக்கொண்டு போனது. நீ தூங்கிவிட்டாய். தூங்கும்போது உன் வாய் உன் அப்பாவுடையது.

மறுநாள் காலை வனத்துறை வாசலில் பையைத் திறந்து பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்த்தார்கள். நான் கட்டிக்கொண்டு வந்த புளிசாதத்தை வாழை இலையில் பார்த்ததும் அந்தப் பெண் அதிகாரி சிரித்துவிட்டார். பத்துப் பேர் போலச் சேர்ந்த கூட்டத்துக்கு இரண்டு வழிகாட்டிகள். ஒருவர் முன்னால் நடந்தார். இன்னொருவர் மாரியப்பன், தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில் பிறந்து வளர்ந்தவர், எல்லோருக்கும் பின்னால் வருவது அவர் வேலை. முதலில் நிழலான சோலைக் காடு, பாசி பிடித்த மரங்கள், ஓடைச் சத்தம். கொஞ்ச தூரம் நான் ஜோராகத்தான் நடந்தேன். காடு முடிந்து புல்வெளி மேடு ஆரம்பித்ததும் முட்டி தன் வேலையைக் காட்டியது. வலி வரும்போதெல்லாம் நான் நின்று, "இந்தப் பூவு பேரு இன்னாங்க?" என்று மாரியப்பனைக் கேட்பேன். அவர் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வந்துவிடும். நீ திரும்பிப் பார்த்தால் பூ பார்க்கிறாள் என்று நினைத்துக்கொள்வாய். நீலப் பூ, மஞ்சள் பூ, பூவே இல்லாத செடி என்று எல்லாவற்றுக்கும் பெயர் கேட்டேன். கடைசியில் ஒரு வெறும் பாறையைக் காட்டி, "இது?" என்றேன். மாரியப்பன் மெல்லக் குனிந்து, "அக்கா, ஒங்களுக்கு இப்ப பூ வேணுமா, மூச்சு வேணுமா?" என்று கேட்டார்.

"ரெண்டும் தான்" என்று சொல்லிவிட்டு, "எம்புள்ள கிட்ட சொல்லிடாதீங்க" என்றேன். லைனில் கஸ்தூரியிடம் சொல்கிற அதே வார்த்தை. மலையிலும் எனக்கு ஒரு கஸ்தூரியைத் தேடிக்கொண்டேன் பார்.  மனுஷன் அதற்குப் பிறகு என் பக்கத்திலேயே நடந்தார். பாறைச் சரிவில் வரையாடுகள் நின்று எங்களைப் பார்த்தன. குட்டி ஒன்று தாயைவிட மேலே ஏறி நின்றுகொண்டு அவசரமே இல்லாமல் புல் தின்றது. எல்லோரும் படம் எடுத்தார்கள். நான் அந்தச் சாக்கில் உட்கார்ந்தேன்.

பாதி மலையில் ஒரு தகரக் கொட்டகை வந்தது. வன ஊழியர்கள் தங்குகிற இடம். முன்னால் நடந்த வழிகாட்டி எல்லோரையும் நிற்க வைத்து, "இனிமே செங்குத்து. ஏறிட்டா நடுவுல யாரையும் விட்டுட்டுப் போக முடியாது. முடியாதவங்க இங்கயே சொல்லிருங்க, மாரியப்பன் கூட இருப்பாரு" என்றார்.  நான் மேலே பார்த்தேன். பாதை பாறைக்கு நடுவில் நெட்டுக்குத்தாக ஏறி மேகத்துக்குள் போயிற்று. நீ குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாய். ஏற்கெனவே கட்டியிருந்த நாடாவை அவிழ்த்துத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தாய் என்பதைப் பார்த்துவிட்டேன். உன் காது முழுக்க என் பக்கம் இருந்தது.

"வர்றேன்" என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது, கண்ணு. சொல்லியிருந்தால் ஏறியிருப்பேன், என் பிடிவாதம் உனக்குத் தெரியும். எங்கேயாவது நடுவில் முட்டி மடங்கியிருக்கும், நீ என்னைச் சுமந்துகொண்டு இறங்கியிருப்பாய். இல்லையென்றால் மடங்காமல் மேலே போய்ச் சேர்ந்து, சிரித்துக்கொண்டே படம் எடுத்திருப்பேன். இதில் எது மோசம் என்று அந்த ஒரு நிமிடத்தில் எனக்குத் தெரியவில்லை. உன் அப்பா சோடாவைக் குடித்துவிட்டுச் சிரித்த சிரிப்பு எப்படி இருந்திருக்கும் என்று நான் பார்த்ததில்லை. அப்போது என் முகத்தில் வரப்பார்த்த சிரிப்பு அதுதான் என்று மட்டும் தோன்றியது.  "எனக்கு முடியலங்க" என்றேன். குரல் என்னுடையது மாதிரியே இல்லை. "முட்டி ஒரு வருசமா வலிக்குது. இதுக்கு மேல ஏற முடியாது."

நீ நிமிர்ந்து பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். கோபம் இல்லை. "ஒரு வருசமா?" என்று மட்டும் கேட்டாய். பிறகு பையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, "சரி, நானும் போவல. வா, எறங்கலாம்" என்றாய். அப்போதுதான் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. "டேய், அம்மாந்தூரம் வந்துட்டு இன்னா எறங்கறது? நீ போய்ப் பாத்துட்டு வா. நான் இங்கதான் குந்தினு இருப்பேன்" என்றேன்.

"உன்ன வுட்டுட்டு எப்டி மா போறது?"

"நான் எங்கடா போவப் போறேன்? ஆடு மேய்க்கவா? இவரு கீறாரு, கொட்டாய் கீது, சோறு கீது. போடா."

கூட்டத்தில் எல்லோரும் வேறு எங்கேயோ பார்ப்பதுபோல் நின்றார்கள். நீ இரண்டடி வைப்பாய், திரும்பிப் பார்ப்பாய். நான் என் தலையில் கட்டியிருந்த மஞ்சள் துண்டை அவிழ்த்து ஆட்டி, போ போ என்று காட்டினேன். மேகம் உன்னை மூடுகிற வரைக்கும் ஆட்டினேன். மூடியதும் உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன். போயிற்று, பிள்ளையின் போலந்து போயிற்று, நம் வாயாலேயே கெடுத்தோம் என்று அழுதேன். மாரியப்பன் பிளாஸ்கிலிருந்து பாலில்லாத கட்டன் சாயா ஊற்றிக் கையில் கொடுத்து, "அக்கா, நா பின்னாடி வர்றவன். சொல்லாம ஏறுறவங்களத்தான் முதுகுல தூக்கிட்டு எறங்கிருக்கேன். சொல்லிட்டு ஒக்காந்தவங்க கூட சாயாதான் குடிச்சிருக்கேன்" என்றார். எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. இரும்பு ஷூவைக் கழற்றினேன். விரலெல்லாம் கன்றிப் போயிருந்தது. புல்லில் காலை நீட்டிக்கொண்டேன். காற்று மட்டும் வந்து வந்து போயிற்று. விடிந்தால் சங்கு, முடிந்தால் பஸ் என்று ஓடுகிற எனக்கு, செய்ய ஒரு வேலையும் இல்லாமல் அப்படி உட்கார்ந்தது ஞாபகத்தில் இல்லை. கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது. நின்ற பிறகு புளிசாதத்தைப் பிரித்து மாரியப்பனுக்கும் கொடுத்து நானும் சாப்பிட்டேன்.

நீ இறங்கி வந்தபோது தலையெல்லாம் நனைந்திருந்தது. நான், "எப்டி இருந்துச்சு?" என்றேன். பக்கத்தில் உட்கார்ந்து, மிச்சமிருந்த சோற்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "ஒன்னும் தெர்ல மா. மேல முழுக்கப் பனி. பள்ளத்தாக்கும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல" என்றாய். எனக்கு ஐயோ என்றிருந்தது. நீ நிதானமாக மென்று விழுங்கிவிட்டு, "ஒரு தபா மட்டும் காத்து அடிச்சு வெலகுச்சு. அப்பக்கூட அந்தப் பக்கம் தெரியல. கீழ இந்தக் கொட்டாயி தெரிஞ்சுது. மஞ்சத் துண்டு தெரிஞ்சுது. சொன்ன எடத்துலயே குந்தினு இருந்த" என்றாய்.  இன்னும் கொஞ்சம் சோறு எடுத்து உன் கையில் வைத்தேன்.

இறங்கும்போது நீ எனக்கு முன்னால், ஒரு கையைப் பின்னால் நீட்டிக்கொண்டு நடந்தாய். நான் அதைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் கால் வைத்து இறங்கினேன். சோலைக்குள் வந்ததும் திரும்பாமலேயே, "நான் போறேன் மா" என்றாய். நான், "எங்க?" என்று அசடு மாதிரி கேட்டேன். "போலந்துக்கு." மலை ஏற முடியாதவளை விட்டுவிட்டு எப்படிப் போவாய், எனக்கு ஒன்றும் புரியவில்லை என்றேன். நீ நின்றாய். "நீ ஏறியிருந்தீனா நான் போயிருக்க மாட்டேன். முடியாமதான் ஏறனன்னு பின்னாடி தெரியும், அப்பால நீ இன்னா சொன்னாலும் நம்ப மாட்டேன். இப்ப முடியலன்னு சொன்ன. எல்லார் முன்னாடியும் சொன்ன. அப்பா ஒரே ஒரு தபா அந்த மாதிரி" என்று ஆரம்பித்து, முடிக்காமல் நடக்கத் தொடங்கினாய். நானும் முடிக்கச் சொல்லவில்லை. கேட் வரும் வரைக்கும் கையை விடவில்லை.

நீ போன பிறகு நடந்ததில் பாதியைத்தான் போனில் சொன்னேன். மீதியைச் சொல்லத்தான் இத்தனை பீடிகை. போன மாதம் ஒரு நாள், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், முட்டி தாங்கவில்லை. கஸ்தூரி என் கிளிப்பைப் போடக் கையை நீட்டினாள். நான் அவள் கையை விலக்கிவிட்டுப் பட்டனை அழுத்தினேன். தலைக்கு மேல் சிவப்பாக எரிந்தது. லைன் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. லீடர் பெண் ஓடிவந்து, "இன்னாக்கா, உன் எடத்துல லைட்டா?" என்றாள். கால் முடியவில்லை என்றேன். திட்டவும் இல்லை, கொஞ்சவும் இல்லை. வேறு ஆளை நிறுத்திவிட்டு என்னை டாக்டர் அறைக்கு அனுப்பினார்கள். இப்போது உட்கார்ந்தபடியே தையல் சரிபார்க்கிற மேசையில் வேலை. இதற்காகவா இத்தனை நாள் தைலத்தை ஒளித்தோம் என்று கஸ்தூரியிடம் சொல்லிச் சிரித்தேன். மறுநாள் அவளும் தன் தோள் வலிக்காக லைட்டைப் போட்டாள்.

இதெல்லாம் எழுதும்போது உனக்கு ஒரு புத்தியும் சொல்லத் தோன்றுகிறது. அந்த ஊர் மொழியில் நீ முதலில் சாப்பாட்டின் பெயர்களைக் கற்றுக்கொண்டதாகச் சொன்னாய். நல்லது, வயிறு முக்கியம். அடுத்ததாக 'எனக்கு முடியவில்லை' என்பதைக் கற்றுக்கொள். சத்தமாகச் சொல்லிப் பழகு. வேலைக்குப் போன இடத்தில் நம் ஊர்க்காரன் எதையும் செய்வான் என்று பெயர் எடுக்க வேண்டும் என்று உனக்கு இருக்கும், உன் உடம்பில் ஓடுவது இரண்டு பக்கமும் அந்த ரத்தம்தான். பெயர் எடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் குளிர் ஒத்துக்கொள்ளவில்லையா, மிஷின் புரியவில்லையா, தனியாக இருக்கப் பிடிக்கவில்லையா, யாராவது ஒருத்தர் காதில் விழும்படி சொல்லிவிடு. அங்கே ஆள் இல்லையென்றால் எனக்குச் சொல். நான் பதறுவேன், பதறினால் என்ன, பதறிவிட்டுப் போகிறேன். மற்றவர்கள் பதறுவார்கள் என்று மறைத்துத்தான் நம் வீட்டில் ஒரு ஆள் குறைந்தது.

இனி என் சேதி. நேற்று நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டபோது, "நல்லா கீறேன்" என்று சொன்னேன். பொய். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். முட்டிக்குள் ஜவ்வு கிழிந்திருக்கிறது, சின்ன ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார்கள். பொங்கல் கழித்துத் தேதி கொடுத்திருக்கிறார்கள். உயிருக்கு ஆபத்தான விஷயம் இல்லை என்று டாக்டர் சொன்னார். அவருக்கு எரிச்சல் வருகிற வரைக்கும் திரும்பத் திரும்பக் கேட்டேன். கஸ்தூரி என்னோடு தங்குகிறாள். கம்பெனியில் லீவு கொடுத்துவிட்டார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். மயக்க ஊசி என்ற வார்த்தையைக் கேட்டாலே கை வேர்க்கிறது. ராத்திரி தூக்கம் சரியாக இல்லை. இவ்வளவுதான், ஒளிக்க வேறு எதுவும் இல்லை.

இதைப் படித்த உடனே நீ டிக்கெட் தேடுவாய், தெரியும். உன்னைப் பார்க்க வேண்டும் போல எனக்குத் தினமும்தான் இருக்கிறது, அது வேறு. நீ வந்தே ஆகவேண்டும் என்ற நிலை வந்தால், அதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்வேன், சுற்றி வளைக்காமல் சொல்வேன், உன் வேலை என்னவாகும் என்று யோசிக்காமல் சொல்வேன். இப்போது நான் உன்னைக் கூப்பிடவில்லை. நீ வேலையைப் பார், கண்ணு.

அம்மா